பூட்டிய கணினியின் முன்னால் உன் அம்மா

நைனா,

போன வாரம் நீ போனில் சொன்னதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "கல்யாணத்த இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டுடுங்கப்பா" என்றாய். இது இரண்டாவது தடவை. ஏன் என்று கேட்டேன். "அம்மா வாயப் பூட்டனவன்ப்பா நானு. எனக்கு இன்னாத்துக்குக் கல்யாணம்" என்றாய். அதோடு லைன் போய்விட்டது. நம் மலையில் லைன் போவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்குப் போனதா, நீ வைத்தாயா என்பது எனக்குத் தெரியும். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குப் போனில் பேச வராது. ஜீப்பில் ஆள் ஏற்றி இறக்குகிறவன், நாலு வார்த்தை சத்தமாகப் பேசித்தான் பழக்கம். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். திருப்பத்தூர் ஸ்டாண்டில் சீட்டு நிறையும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதையும் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவளுடைய வலது கையும் பேச்சும் போயின. விழுந்தபோது கையில் இருந்த அவள் போனும் உடைந்தது. நான் பட்டன் போன்காரன். நம் நெல்லிவாசல்நாட்டில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மனு அடித்துக் கொடுத்தவள், நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்காரவே மாட்டேன் என்று இருந்தாள். ஊர்ச்சனம் பார்க்க வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது இல்லையா, அதற்காக. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா தன் போனை எடுத்து வந்து வீடியோவில் உன்னைக் காட்டினபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு நீ உன் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கோவிந்தம்மா அழுதுகொண்டே போனை அணைத்தாள்.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று நான் சொல்ல, நீ அங்கிருந்தே ரிமோட்டில் உள்ளே வந்து எதையோ சரி செய்தாய். அம்புக்குறி தானாக நகர்வதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த உன் அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையால் மவுஸைத் தொட்டாள். அம்பு நின்றது. நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "நைனா" என்று அடித்தாள். அந்தப் பக்கம் நீ என்ன ஆனாய் என்று நான் பார்க்கவில்லை. பிறகு "அம்மா" என்று வந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ வருவாய். ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் எழுதுவீர்கள். அவள் ஒரு எழுத்தை அடித்துவிட்டு அடுத்ததைத் தேடித் திணறும்போது மிச்சத்தை நீ அடித்து முடிப்பாய். தப்பாக முடித்தால் அவள் அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பாள். அப்போது இடது பக்க உதடு மட்டும் சிரிக்கும். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். தாயும் பிள்ளையும் பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று நினைத்தேன்.

ரேவதியைப் பற்றி அவளுக்குத் தெரிய வந்ததும் அந்தப் பக்கத்தில்தான். ஒரு சாயங்காலம் "வணக்கம் அத்தை" என்று வந்தது. உன் அம்மா கையை எடுத்துவிட்டு "ம்ம்" என்று என்னைக் கூப்பிட்டாள். அப்புறம் "நீ யாரு" என்று அடித்தாள். நீ அடிக்கிற வேகம் வேறு, இது வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தவாசல் பெண் என்றும், உன் கூட வேலை செய்கிறாள் என்றும், அவள் வீட்டிலும் புளியந்தோப்பு இருக்கிறது என்றும் அந்தப் பெண் எழுதினாள். உன் அம்மா ரொம்ப யோசித்து, "சோறு ஆக்க தெரியுமா அவனுக்கு" என்று கேட்டாள். அந்தப் பெண் "தெரியாது அத்தை, நான்தான் கத்துக் குடுக்கிறேன்" என்றாள். அன்றைக்கு இரவு உன் அம்மா இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாள்.

அப்புறம் அந்த மதியம். நீ வருகிற நேரமே இல்லை. நான் ஜீப்புக்கு டயர் மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன், அம்பு தானாக ஓடுகிறது. "பையன் வந்துட்டான் பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பு நோட்பேடுப் பக்கம் போகவில்லை. எங்கெங்கோ திறந்தது, போட்டோ இருக்கிற இடத்துக்குப் போனது, அவள் மனு அடித்துக் கொடுத்தவர்களின் ஆதார் நகல்கள் இருந்த இடத்தைத் திறந்தது. "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டினாள். எனக்குப் புரியவில்லை. "இன்னாம்மா, அவன்தான், ஏதோ ரிப்பேர் பண்றான்" என்றேன். அவள் நாற்காலியை விட்டுச் சாய்ந்து, நல்ல கையால் சுவரில் இருந்த வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். திரை அணைந்தது. அவளும் கீழே விழுந்தாள். தூக்கி உட்கார வைத்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை, வயரைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

உனக்குச் சொன்னதும் நீ பதறினாய். "அம்மா எந்தப் பட்டனும் அமுக்க வேணாம்னு ரிமோட்ட எப்பவும் தொறந்தே வெச்சிருந்தேன்ப்பா. அம்மா பேரையும் ஊர் பேரையும் சேத்து பாஸ்வேர்டு. எவனோ கண்டுபுடிச்சிட்டான்" என்று சொன்னாய். அலுவலகங்களின் கம்ப்யூட்டரைக் காவல் காக்கிற வேலை செய்கிறவன் நீ. சொந்த வீட்டைத் திறந்து போட்டுவிட்டேன் என்று அன்றைக்கே உன் குரல் உடைந்தது. அந்த வாரத்திலேயே பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டாய். யாராவது அமைப்புகளை மாற்ற வந்தால் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்தாய். புதிதாக எந்த நெட்வொர்க் வந்தாலும் முதலில் நம்மைக் கேட்கும்படி செய்தாய். நோட்பேடில் பெரிய எழுத்தில் அம்மாவுக்குப் பாடமும் எடுத்தாய். "தெரியாதது எது கேட்டாலும் வேண்டாம்னு அமுக்கும்மா. யோசிக்கவே யோசிக்காத." அவள் "சரி நைனா" என்று அடித்தாள். நீ பாடம் எடுக்க, அவள் படிக்க. எனக்கு நீ சின்ன வயதில் அவள் மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது தலைகீழாகத் தெரிந்தது.

இதுவரை நீ அறிந்தது. இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் டவர் கெட்டுப் போனது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த நெட் டாங்கிளில் ஒன்றும் வரவில்லை. கோவிந்தம்மாவின் மகன் கேரளா எஸ்டேட்டிலிருந்து பணம் அனுப்பி அவர்கள் வீட்டுக்குப் புதிதாகக் கேபிள் லைன் போட்டுக் கொடுத்திருந்தான். "எங்க வைஃபைய போட்டுக்கங்கண்ணா, அண்ணி பையன்கிட்ட பேசாம எப்பிடி இருக்கும்" என்று அவளே வந்து பாஸ்வேர்டு சொன்னாள். போட்டதும் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. இங்கிலீஷில் ஏதோ கேட்டது. புது நெட்வொர்க், நம்பலாமா, வெளியிலிருந்து வருகிறவர்களை விடலாமா என்பதுதான் கேள்வி என்று பின்னால் நீ சொல்லித் தெரிந்தது. நான் வாசலில் கோவிந்தம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, வேண்டாம் என்பதை அமுக்கினாள். அமுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டுப்பட்டியைச் சாத்திக் குச்சி செருகிவிட்டு வருகிறவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆமாம் நைனா. அது தானாக மூடிக்கொள்ளவில்லை. நான் உன்னிடம் சொன்னது பொய். உன் அம்மாதான் மூடினாள். நீ சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ உள்ளே வர முடியவில்லை. கோவிந்தம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாய். அவள் போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, நீ அங்கிருந்து பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் அமுக்கினேன். "மேல பல்சக்கரம் மாரி ஒண்ணு கீது பாருங்கப்பா, அத அமுக்குங்க." அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாய், பயத்தில் நீளமாக ஒன்றை வைத்துவிட்டாய் என்றும், அது பழைய கம்பெனி லேப்டாப்பில் இருந்தது என்றும், வேலை மாறும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றும். ஞாபகத்திலிருந்து ஒன்று சொன்னாய். தப்பு. இன்னொன்று சொன்னாய். தப்பு. அதற்குப் பிறகு அது கேட்பதையே நிறுத்திவிட்டது. "யார் வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு நான்தான்ப்பா செஞ்சேன்" என்றாய். "அம்மாகிட்ட போனக் குடுங்க" என்றாய். கோவிந்தம்மா போனை அவள் காதில் வைத்தாள். நீ பேசியதையெல்லாம் கேட்டாள். அவளுக்குக் கேட்பது மட்டும் போதாது, பதில் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் போனில், அடுத்தவள் கையில் இருக்கிற போனில், அவள் இடது கை என்ன எழுதும். தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டுவது உனக்கு எப்படித் தெரியும். நீ "அம்மா, கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

போன் போன பிறகு அவள் தன் விரலைக் காட்டினாள், திரையைக் காட்டினாள், கையை மூடிக் குச்சி செருகுவது போலச் செய்தாள். தன்னால்தான் பூட்டிக்கொண்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்தது. நான் "வுடு, திருப்பத்தூருக்குத் தூக்கினு போய் சரி பண்ணியாந்துடலாம்" என்றேன். அவள் வாயின் மேல் விரலை வைத்தாள். அவனிடம் சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை, தானாக மூடிக்கொண்டது என்றே உன்னிடம் சொன்னேன். மழையில் புதூர்நாடு வளைவுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. ரோடு திறந்ததும் போகலாம் என்று இருந்தோம்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் அவள் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவன் வர மாட்டான்ம்மா, பூட்டிக்கினு கீதே" என்றேன். கேட்கவில்லை. நோட்பேடைத் திறந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலை இரண்டு தட்டுத் தட்டினாள். நான் யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் தட்டினாள். எனக்குத்தான். போய் உட்கார்ந்தேன். அவள் அடித்தாள்: "நீ சாப்டியா".

உனக்குத் தெரியுமே, வாழ்க்கை முழுக்க என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசினாள். நான் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. "ங்க அடிக்க கை வலிக்குது" என்று அடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நைனா, அந்த நோய் வந்ததிலிருந்து நான் அவளைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், ராத்திரி புரண்டு படுக்க வைத்தேன். ஆனால் அவளோடு பேசவில்லை. பேச்சு போனவளிடம் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன். அவளுக்கு ஒரு வழி கிடைத்தபோது அது உனக்கும் அவளுக்கும் உள்ளது என்று அடுப்படிக்குப் போனேன். நீ வர முடியாமல் போன பிறகுதான் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் வாயால் பேசினேன், அவள் விரலால் பேசினாள்.

ரோடு அடைத்துக் கிடந்த அத்தனை நாளும் சாயங்காலம் அப்படித்தான் போனது. என்னென்ன பேசினோம் என்று கேட்டால் கோர்வையாகச் சொல்ல வராது. சாமை இந்த வருஷம் பதராகப் போகும் என்றாள். என் ரசம் வாயில் வைக்க முடியவில்லை, புளி குறைக்கச் சொன்னாள். ஜீப்பில் மேலே ஆள் ஏற்றாதே என்றாள், அதை அவள் இருபது வருஷமாகச் சொல்கிறாள், அன்றைக்குப் பெரிய எழுத்தில் வைத்துச் சொன்னாள். கல்யாணமான புதிதில் நான் அவளைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப் போய் ஸ்டாண்டில் விட்டுவிட்டு சவாரி கிடைத்ததென்று மலைக்கு ஏறிவிட்டேனே, அதைக் கேட்டாள். "அன்னிக்கு நான் அழுதேன் தெரியுமா". தெரியாது என்றேன். "பஸ் ஸ்டாண்டு கொய்யாக்காரி எனக்கு ஒரு கொய்யா குடுத்தா". அவ்வளவு வருஷமாக அந்தக் கொய்யாவைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. இன்னொரு நாள், "பயமா கீதா" என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். "எனக்கும்" என்று அடித்துவிட்டு அவள் கையை என் கை மேல் வைத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.

உன்னைப் பற்றியும் பேசினாள். நீ தோண்டித் தோண்டிப் பார்க்கிறாயே உன் மனதை, அதற்காக இதைச் சொல்கிறேன். "பாவம், அங்க தவிச்சினு இருப்பான்" என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள், இடது பக்கம் மட்டும். "நல்லாதான் பூட்டி வெச்சிருக்கான். அவனாலயே தொறக்க முடியல" என்று அடித்தாள். அடித்துவிட்டு அவளே இரண்டு தடவை படித்தாள். அதில் கோபம் இல்லை, பெருமை இருந்தது. பிள்ளை செய்த பூட்டு அல்லவா. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது நோட்பேடு சேமிக்கட்டுமா என்று கேட்கும். நானும், "வெச்சிக்கலாம்மா, அவன் பாக்கட்டும்" என்பேன். அவள் வேண்டாம் என்பாள். "வரட்டும். நானே சொல்றேன்". அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. என் தலையில் இருப்பது மட்டும்தான்.

ரோடு திறந்தார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாள் காலையில் திருப்பத்தூருக்குக் கிளம்பினேன். சிபியுவை அவளுடைய பழைய புடவை ஒன்றில் சுற்றி முன்சீட்டில் வைத்தேன். சுற்றும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து, இப்படி மடி, அப்படி மடி என்று கை காட்டினாள். டீசல் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவள் படியிலேயே சாய்ந்திருந்தாள். இந்தத் தடவை கண் என்னைத் தேடவில்லை. கோவிந்தம்மாவும் அவள் வீட்டுக்காரரும் வந்து தூக்கினார்கள். முன்சீட்டில் கம்ப்யூட்டர், பின்னால் கோவிந்தம்மா மடியில் உன் அம்மா. இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வளைவுக்கு வளைவு நான் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், விழுந்து உடைந்தால் நீ எப்படிப் பேசுவாய் என்று. அந்த நேரத்தில் அப்படித்தான் புத்தி போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். கோவிந்தம்மா உனக்குச் சொன்னாள், நீ கிளம்பினாய். நீ வானத்தில் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நீ வந்து சேர்ந்தாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த மேசை முன்னால் உட்கார்ந்து, சிபியுவை மாட்டி, முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டாய். பூட்டும் போனது, அவள் அடித்து வைத்த மனுக்களும் போயின. நான் பக்கத்தில் நின்றேன். "எல்லாம் போச்சுப்பா" என்று சொன்னாய். அப்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் சொல்லாதே என்றாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நீ இழந்த அந்தச் சாயங்காலங்கள் எனக்குக் கிடைத்தன. நீ கதவுக்கு வெளியே நின்று தவித்தபோது நான் உள்ளே அவளோடு உட்கார்ந்து கொய்யாக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. உன் அழுகைக்கு முன்னால் அது எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் என்னிடம் குறைந்துவிடும் போலவும் இருந்தது. இப்போது நீ உன் வாழ்க்கையைத் தள்ளி வைக்கிறாய் என்றதும், இனியும் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அதனால் கேள். நீ அவள் வாயைப் பூட்டவில்லை. கடைசி நாட்களில் அவள் ஊமையாக இருக்கவில்லை. அந்தச் சில நாட்களில் என்னிடம் பேசியதுபோல அவள் எந்த வருஷத்திலும் பேசியதில்லை. உன்னோடு பேச முடியவில்லையே என்ற ஏக்கம் அவளுக்கு இல்லையா என்றால், இருந்தது. அதை இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். நேரம் ஆகும்போது அவள் கண் ஒரு தடவை அந்த அம்புக்குறிப் பக்கம் போய் வரும். நகர்கிறதா என்று பார்ப்பாள். நகராது. பிறகு என் பக்கம் திரும்புவாள். அந்தத் துக்கம் உனக்கும் எனக்கும் சாகும் வரை உண்டு. ஆனால் துக்கம் வேறு, குற்றம் வேறு நைனா. திருடன் ஒரு தடவை உள்ளே வந்தான், நீ பூட்டுப் போட்டாய். பூட்டுப் போட்டதில் தப்பில்லை. சாவியை ஒரே இடத்தில் வைத்தாய், அவ்வளவுதான். இனி வைக்கிற பாஸ்வேர்டை ரேவதிக்கும் தெரியும்படி வை. நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் மறுபடி அந்தப் பாதுகாப்பைப் போட்டுக் கொடு. வெறும் வீடு என்று விட்டுவிடாதே, நான் இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேவதி பேசும்போது எழுந்து அடுப்படிக்குப் போகாதே. அது அவள் அம்மாவிடம் பேசுவதாக இருந்தாலும் சரி, கூடவே உட்கார். எனக்கு ஸ்டூலைத் தட்டிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள், அதுவும் கடைசியில்தான். எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

நேற்று நான் சந்தவாசல் போய் வந்தேன். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபித்துக்கொள். ரேவதியின் அப்பா களத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். "மாப்ள இன்னா சொல்றாருங்க" என்று கேட்டார். ரேவதி அம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள். அவர்களுக்கும் மனது இருக்கிறது, பெண்ணை ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று ஊரில் கேட்பார்கள். நான் தேதி ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எழுதியதை அவர்களிடமும் கொஞ்சம் சொன்னேன். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பிய பேசச் சொல்லுங்கண்ணா, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நெல்லையே கிளறிக்கொண்டு இருந்தார். அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போகப் போவதில்லை, எங்கேயும் போகப் போவதில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பேன் என்று சொன்னார்.

கூப்பிடு நைனா.

அப்பா